கையில் குரக்கன் ரொட்டி

படத்தில் மயூராவின் கையில் இருந்தது குரக்கன் ரொட்டி.

உண்மையில் அந்தக் கை பிடித்திருந்தது வட்டு. எங்கள் சிவகாசியில் வட்டு எறிதல் என்போம், லண்டனில் நான் இருக்கிற இந்த ஈழத்தமிழர் வீட்டில் தட்டெறிதல் என்பார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அவள் இரண்டாவதாக வந்த நாளில், உடம்பை முறுக்கி, கை பின்னால் போய், கண் மட்டும் முன்னால் நிற்கிற நொடியில் யாரோ எடுத்த படம் அது. டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குகநாதன் அந்தப் படத்தை ஒரு கம்ப்யூட்டர்க்காரரிடம் கொடுத்தார். அவர் வட்டை எடுத்துவிட்டு அதே அளவில் ஒரு ரொட்டியை வைத்தார். குரக்கன் என்றால் கேழ்வரகுதான். அதே பழுப்பு, அதே வட்டம். பொருந்தித்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பனியனில் நெஞ்சுக்கு மேல் இருந்த புரோட்டீன் பார் கம்பெனியின் பெயரை அழித்துவிட்டுக் கடையின் பெயரைப் போட்டார். கீழே சிவப்பு எழுத்தில், ‘எங்கட பிள்ளை, எங்கட பலம், எங்கட குரக்கன் மா’. அதற்கும் கீழே தினம் ஒன்றாகக் கிழிக்கிற தாள்கட்டு. ராகுகாலம், விரத நாள், இங்கிலாந்து விடுமுறை எல்லாம் உண்டு.

ஆயிரத்து ஐந்நூறு காலண்டர். டிசம்பர் கடைசியில் கடையில் சாமான் வாங்கிய ஆட்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று சும்மா கொடுத்தார்கள்.

கோலியர்ஸ் வுட்டில் இராசரத்தினம் அங்கிள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறவள் நான். பெயர் லக்ஷ்மிப்ரியா, இங்கே பிரியா. ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் வேலை. ஸ்பான்சர் பணம் வருகிற பிள்ளைகளுக்கு ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, வரிக்கு எவ்வளவு ஒதுக்குவது, யாருக்கு இல்லை என்று சொல்வது என்று வகுப்பு எடுக்கிறேன். முதல் ஸ்லைடில் ஒரே வரி: ‘உங்கள் முகத்தை யாருக்கும் சும்மா கொடுக்காதீர்கள்.’ அங்கிளின் மகள் மயூரா என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்படி வந்தவளுக்கு ஒரு கெட்ட குணம் வரும். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியவில்லை என்றால் கோபம் வரும். எனக்கு நிறைய வரும்.

அந்தப் புரோட்டீன் பார் கம்பெனியோடு மயூராவின் ஒப்பந்தத்தை ஆகஸ்டில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னதும் நான்தான். பெரிய பணம் இல்லை. ஆனால் பயிற்சியாளருக்கும், அவளுடைய இடுப்பு வலிக்குப் பார்க்கிற பிசியோவுக்கும், வசந்தத்தில் போர்ச்சுகலில் நடக்கிற ஆறு வார முகாமுக்கும் அது போதும். அந்த முகாமுக்குப் போனால் இன்னும் மூன்று மீட்டர் கூடும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். மூன்று மீட்டர் கூடினால் நாட்டு அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். ஏழாவது பிரிவில் ஒரு நிபந்தனை: வேறெந்தத் தின்பண்டத்துக்கும் பானத்துக்கும் உணவுப் பொருளுக்கும் அவள் முகம் போகக் கூடாது. அதை நான் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன்.

அக்டோபரில் ஒரு மத்தியானம். இராசரத்தினம் அங்கிள் பெட்ரோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட் முடித்து வந்து, சட்டையில் இன்னும் அந்த வாடையோடு குசினியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுசிலா ஆன்ட்டி புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நான் தேங்காய் திருவினேன்.

“பிரியா, உதை ஒருக்காப் பாரும்” என்று போனை நீட்டினார். “உங்கட ஊரில உதுதானே வேலை.”

காலண்டரின் மாதிரிப் படம்.

அவர் முகத்தைச் சொல்ல வேண்டும். மகள் தட்டெறிகிறது அவருக்குப் பிடிக்காது. “ஆம்பிளைத் தோள் வைச்சிருக்கிறாள், ஆர் கட்டுவான்” என்று மூன்று வருஷமாகச் சொன்னவர். ஒரு போட்டிக்கும் போனதில்லை. அந்த மனிதர் அன்றைக்குப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “குகன் கேட்டவன். உன்ர பிள்ளையைத்தான் இந்த வருசம் போடவேணும் எண்டு. போன வருசம் முருகன், அதுக்கு முதல் வருசம் லட்சுமி. இந்த முறை என்ர பிள்ளை” என்றார்.

“சாமிக்குப் பிறகு உங்கட மகளோ?” என்றார் ஆன்ட்டி அடுப்படியிலிருந்து. “பெரிய ஆள்தான். அவளிட்டச் சொன்னனீங்களோ?”

“சர்ப்ரைஸ் எண்டு விட்டிருக்கிறன். நீ வாயைத் துறந்திடாத. இவ வேலை செய்யிற இடம் உதுதானே, இவ பாத்தாச் சரி.”

என் அம்மா காலண்டர் பைண்டிங்கில் தாள்கட்டு ஒட்டுகிறவள். இருபத்தாறு வருஷமாகப் பசைக் கை. சின்ன வயசில் ஸ்கூல் விட்டு வந்தால் நானும் உட்கார்ந்து காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை மாட்டுவேன். காலண்டரைப் பார்த்தால் என் கண் வேறு இடத்துக்குப் போகாது. வண்ணம் விலகியிருக்கிறதா, ஓரம் நேராக வெட்ட இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். பனியனில் பெயர் மாறியிருந்ததைப் பார்த்தேன். அந்த எழுத்து நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

“சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு அங்கிள். மத்தபடி நல்லா இருக்கு. அடிக்கச் சொல்லலாம்” என்றேன். அம்மா வேலை பார்க்கிற அச்சகத்தின் நம்பரையும் கொடுத்தேன்.

நவம்பரில் அம்மா போனில், “ஒங்க வீட்டுப் புள்ள படம் எங் கைக்கு வந்துச்சுடி. என்னா தோளு! ராத்திரி ஓவர்டைம் போட்டு ஒட்டுனோம்” என்றாள். சிரித்தேன்.

ஜனவரி முதல் தேதி அங்கிள் ஒரு காலண்டரைக் குசினியில் மாட்டினார். இன்னொன்றை மாடிக்குக் கொண்டுவந்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். கீழே மயூரா விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. “ரொட்டி! அப்பா, ரொட்டி!” என்று கத்தினாள். படம் எடுத்துத் தன்னோடு எறிகிற பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பினாள். அந்தக் காலண்டரை முழு அளவில் கையில் பிடித்தபோதுதான் எனக்கு ஏழாவது பிரிவு ஞாபகம் வந்தது. கீழே போய்ச் சொல்லியிருக்கலாம். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினேன்.

நாளைக்கு வேலை. அதற்கடுத்த நாளும் வேலை. எட்டாம் தேதி கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. எறிகிற பிள்ளைகளில் யாரோ அந்தப் படத்தை இணையத்தில் விளையாட்டாகப் போட, அது சுற்றிச் சுற்றி அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. பதினான்கு நாளில் எல்லாப் பிரதியையும் திரும்பப் பெற முயன்றதைக் காட்ட வேண்டும். யார் அனுமதி கொடுத்தது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்தது.

“அது விளம்பரம் இல்லையெடி பிள்ளை, கலண்டர்” என்றார் அங்கிள். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், அது அவருக்குத் தெரியவில்லை. “நான் ஒரு சதம் வாங்கினனானோ? கேட்டுப் பார் குகனை.”

“அதுதானப்பா பிழை. காசு வாங்கியிருந்தா ஒரு பேப்பர் வந்திருக்கும். பேப்பர் வந்தா நான் பாத்திருப்பன்” என்றாள் மயூரா.

“ஜெர்மனியில இருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வரேக்க இந்த ஊரில எனக்கு ஆரைத் தெரியும்? குகன்தான் எட்டு மாதம் கடைக்கு மேல வைச்சிருந்தவன். வாடகை எண்டு வாய் துறக்கேல்லை. பதினாறு வருசத்தில அவன் என்னட்டக் கேட்டது ஒரு படம். அதுக்கு நான் பேப்பர் கேக்கிறதோ?”

மயூரா பெரிய தோளைக் குறுக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு வயசு. அவளைப் பார்க்க எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் மேல் கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்தது.

“திருப்பி வாங்குவம்” என்றார் அங்கிள். “வீடு வீடாப் போவம். எல்லாரும் எங்கட ஆக்கள்தானே.”

குகநாதன் கடையில் மிச்சமிருந்த நானூறையும் அன்றைக்கே கட்டிக் கொடுத்துவிட்டார். மற்றதெல்லாம் சுவர்களில் ஏறிவிட்டது. சும்மா கேட்டால் தரமாட்டார்கள் என்று, மாற்றுக்குக் கொடுக்கப் பிள்ளையார் படம் போட்ட கோயில் காலண்டர் இருநூறு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் கறுப்புக் குப்பைப் பையில் அவற்றைச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். மழை பெய்வதுபோலவும் இல்லை, விடுவதுபோலவும் இல்லை. 57ஆம் நம்பர் பஸ்ஸில் பையை மடியில் வைத்து, பிள்ளையார் நனையாமல் கையால் மூடிக்கொண்டு வந்தார். ஐம்பத்தெட்டு வயசு. முழங்கால் வலிக்காரர். போக வேண்டிய வீடுகளில் பாதிக்கு லிப்ட் கிடையாது.

முதல் கதவு பெனிற்றா அக்கா. திறந்ததுமே, “ஐயோ ராசண்ணை, நனைஞ்சு போய் நிக்கிறியள். வாங்கோ, பிளேன்ரீ போடுறன்” என்றார். குசினியில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மயூரா ரொட்டியோடு முறுக்கிக்கொண்டு நின்றாள்.

அங்கிள் விஷயத்தைச் சொல்லிப் பிள்ளையாரை நீட்டினார்.

“அண்ணை, நான் வேதக்காரி. பிள்ளையாரைத் தந்திட்டு மயூராவைக் கேக்கிறியளே” என்று சிரித்தார் பெனிற்றா அக்கா. பிறகு சிரிப்பு நின்றது. “தரலாம். ஆனா இதைப் பாருங்கோ.”

தாள்கட்டை விரித்துக் காட்டினார். செவ்வாய், வியாழன், சனி எல்லாவற்றிலும் நீலப் பேனாவில் ஒரு வட்டம். புருஷனுக்கு டயாலிசிஸ். மார்ச் வரைக்கும் குறித்திருந்தார். சில வட்டத்துக்குப் பக்கத்தில் ஊசி, சிலதில் இரத்தப் பரிசோதனை, ஒன்றில் ‘மகன் கார்’.

“அந்த மனுசன் காலமை எழும்பி உதைப் பாத்துத்தான் இண்டைக்கு ஆஸ்பத்திரியோ இல்லையோ எண்டு கேப்பார். மாத்தி எழுதினா அவருக்குப் பிடிபடாது.”

“வேண்டாம் தங்கச்சி, வேண்டாம். வைச்சிருங்கோ” என்றார் அங்கிள். பிளேன்ரீயைக் குடிக்காமல் எழுந்தார். படியில் நான் சொன்னேன்: “அங்கிள், இப்படி எல்லார்கிட்டயும் விட்டுட்டு வந்தா எப்படி?”

“நீர் எண்டா என்ன செய்திருப்பீர்? அந்தாளின்ர கிழமையைப் புடுங்கிக்கொண்டு வந்திருப்பீரோ?”

அடுத்த வீட்டிலும் குறித்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும். ஜனவரி முதல் வாரத்துக்குள் எங்கள் ஆட்கள் ஒரு வருஷத்தையே எழுதி முடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் அம்மாவே சீட்டு நாளையும் தீட்டு நாளையும் குறிக்கிறவள். ஐந்தாவது கதவில் அங்கிள் யோசனையை மாற்றினார்.

“தாள்கட்டை நீங்கள் வைச்சிருங்கோ. படத்தை மட்டும் வெட்டித் தாங்கோ, எனக்கு அவ்வளவு காணும்.”

அந்த வீட்டு சுலோச்சனா அம்மா இரண்டடி பின்னால் போனார். படத்தில் மயூராவின் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. வருஷப் பிறப்பன்றைக்கு சாமி படங்களுக்கு வைக்கும்போது அவளுக்கும் வைத்திருக்கிறார்.

“உயிரோட இருக்கிற பிள்ளையின்ர படத்தில கத்திரிக்கோல் வைக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?”

“நான்தானம்மா தேப்பன். நான் சொல்லுறன்.”

“தேப்பன் சொன்னா என்ன, ஆர் சொன்னா என்ன, என்ர கையால நான் செய்ய மாட்டன். கேக்கவே நெஞ்சு பதறுது. நீங்கள் வேணுமெண்டா வெட்டுங்கோ. இந்தாங்கோ கத்திரிக்கோல்.”

அங்கிள் கத்திரிக்கோலை வாங்கினார். கால் நிமிஷம் வைத்துக்கொண்டு நின்றார். மேசையில் வைத்துவிட்டார்.

கடைசிக் கதவுகளில் ஒன்று டெனுசனுடையது. கட்டட வேலை, இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு வந்தவன். “என்னண்ணை, வெள்ளைக்காரன்ர காசு வந்த உடன எங்கட சுவரில தொங்கிறது மரியாதைக் குறைவோ?” என்றான். அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். டெனுசன் உள்ளே போய்க் காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினான். “இந்தாங்கோ. கோவத்தில சொன்னனான். பிள்ளை நல்லா எறியட்டும். என்ர மகளும் இப்ப பிளேட்டை எல்லாம் எறியிறாள், உங்கட கலண்டரைப் பாத்து.”

இரண்டு ஞாயிறு, நூற்று முப்பதுக்கு மேல் கதவுகள். கிடைத்தது எண்பத்து மூன்று. எல்லா வாசலிலும் அங்கிள் ஒரே சொல்தான் சொன்னார். “என்ர பிழை. நான் ஆரிட்டையும் கேக்கேல்லை.” பக்கத்தில் நான் பிள்ளையார் பையோடு நின்றேன்.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் மயூரா குசினி மேசையில் லேப்டாப்பைத் திறந்து கம்பெனிக்குப் பதில் எழுதினாள். ஆன்ட்டி தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். கடையின் நானூறையும் இந்த எண்பத்து மூன்றையும் நான் அடுக்கிப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். மிச்சம் ஒரே கேள்விதான். அனுமதி யார்? அவள் எழுதியதைத் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ‘நான்தான் கொடுத்தேன்.’

“மயூரா, அழி அதை. பொய்.”

“பரவாயில்லை அக்கா.”

“பரவாயில்லையா? நீ கொடுக்கல. உனக்குத் தெரியாம நடந்ததுன்னு எழுதினா ஒப்பந்தம் முறியாம நிக்கும். எட்டாவது பிரிவு. நான்தானே உனக்குப் படிச்சுக் காட்டினேன்.”

“நிக்கும். பிறகு குகன் மாமாவுக்கு லோயர் லெட்டர் போகும். அதுவும் எட்டாவது பிரிவிலதான் இருக்கு. அப்பா அந்தக் கடை வாசலை எப்பிடி மிதிப்பார்?”

“அது அவங்க பிரச்சினை. பொறுப்புன்னா என்னன்னு வகுப்புல எத்தனை தடவை சொல்லிருக்கேன்? நடந்ததை நடந்தபடி சொல்றது. யார் தப்பு பண்ணாங்களோ அவங்க பேரை எழுது.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை. அதுதான் இன்னும் தாங்கவில்லை.

“அப்ப உங்கட பேரும் எழுதவேணும் அக்கா.”

மிக்ஸியை ஆன்ட்டி நிறுத்திவிட்டார்.

“அப்பா கேட்டவர்தானே” என்றாள் மயூரா. “வீட்டில கொன்றாக்ட் தெரிஞ்ச ஒரு ஆளிட்டக் கேட்டவர். நீங்கள் அடிக்கச் சொல்லலாம் எண்டனீங்கள்.”

“எப்ப தெரியும் உனக்கு?”

“முதலாம் திகதியே. கலண்டரைச் சுவரில கொழுவேக்க அப்பா சொன்னவர், ‘பிரியா பாத்து ஓம் எண்டவ, ஒரு பிரச்சினையும் இல்லை’ எண்டு. அதாலதான் நான் யோசிக்காமச் சிரிச்சனான். அதாலதான் எல்லாருக்கும் படத்தை அனுப்பினனான்.”

“அப்புறம் ஏன் உங்கப்பா அத்தனை வாசல்லயும்…”

“உங்கட வேலை போயிடும் எண்டவர். வேலை போனா விசாவும் போகும் எண்டவர். வீட்டில இருக்கிற பிள்ளை, வெளியில கதைக்கக் கூடாது எண்டவர்.”

“புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டு நிண்ட பிள்ளை, அது கலண்டரைத்தானே பாத்தது” என்றார் ஆன்ட்டி, எனக்காக. மறுபடியும் மிக்ஸியைப் போட்டார்.

என் பெயரை எழுது என்று அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். யாரையும் எதிர்த்துப் பட்டென்று பேசுகிறவள் என்று எனக்கு ஆபீஸில் பெயர். மிக்ஸி ஓடி முடிகிறவரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அது நின்றபோது மயூரா அனுப்பும் பொத்தானை அழுத்தியிருந்தாள்.

ஐந்து நாளில் ஒப்பந்தம் முடிந்தது. போர்ச்சுகல் முகாமில் அவள் இடத்துக்கு வேறு பெண் போனாள். பிசியோவிடம் போவதை மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைத்தாள். சனிக்கிழமைகளில் குகநாதன் கடையில் நிற்கிறாள். சின்னப் பிள்ளைகள் வந்து, “ரொட்டி அக்கா” என்று காட்டுகிறார்கள். அவளும் கையைப் பின்னால் முறுக்கிக் காட்டுகிறாள். ஜூனில் தேர்வு நடந்தது. அவளைக் கூப்பிடவில்லை. எட்டாமல் போனது மூன்று மீட்டர்தான், பயிற்சியாளர் சொன்ன அதே மூன்று மீட்டர்.

அங்கிள் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் மைதானத்துக்குப் போகிறார். வலைக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் எறிந்தால் புல்லுக்குள் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார். மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் அவளுக்கு உலகமே கிடைத்தமாதிரி இருந்திருக்கும். இப்போது அவள் அவரைப் பார்க்காமல் கையை நீட்டித் தட்டை வாங்குகிறாள். அவர் தன் கடனைத் தீர்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

என் வகுப்பு நடக்கிறது. முதல் ஸ்லைடை மாற்றவில்லை. அது வந்ததும் அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.

குசினிச் சுவரில் இப்போது பிள்ளையார். கடையின் நானூறும் அந்த எண்பத்து மூன்றும் தோட்டத்துக் கொட்டகையில் கட்டாக இருக்கின்றன. குப்பையில் போட அங்கிளுக்கு மனம் வரவில்லை. என் அறையில் அவர் இரண்டு கையாலும் கொடுத்தது, கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. தினம் காலையில் ஒரு தாளைக் கிழிக்கிறேன். என் அம்மா ஒட்டிய பசை, சுத்தமாகக் கிழிபடும். கிழித்துவிட்டு நிமிர்ந்தால் மயூரா ரொட்டியை ஓங்கிக்கொண்டு நிற்பாள்.

குசினியிலிருந்து மாடிக்குப் பதினான்கு படி. டூட்டிங்கில் நாலு மாடி ஏறி இறங்கிய மனிதர், அந்த இரண்டு ஞாயிறும் என் அறையைத் தாண்டிக் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டுதான் கிளம்பினார். கதவு திறந்துதான் இருந்தது. காலண்டர் நேராகத் தெரியும். ஊரெல்லாம் காலண்டரைத் திருப்பிக் கேட்டவர் என்னிடம் மட்டும் கேட்கவே இல்லை.